எதையெல்லாம் விட்டுவிட்டோம்?

கடலூர்ப் பக்கத்தில் ஒருவருடைய பல் எந்த நிலையில் இருக்கிறது என்று அறியப் பொங்கலன்று அவர் கையில் ஒரு துண்டு கரும்பைக் கொடுத்துப் பார்த்தால் போதும். குறிஞ்சிப்பாடி, பண்ருட்டி வட்டாரங்களில் விளைந்த பன்னீர்க் கரும்பு கட்டுக்கட்டாக மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் வந்து இறங்கும் அந்த வாரத்தில், பல்லாலேயே உரித்துத் தின்பவர் யார், கத்தியால் சீவித் துண்டு போட்டுத் தரச் சொல்பவர் யார், "எனக்குச் சளி புடிச்சிருக்கு, பசங்களுக்குக் குடுங்க" என்று நகர்ந்துகொள்பவர் யார் என்று கவனித்தாலே வீட்டுப் பெரியவர்களின் வாய் நிலவரம் தெரிந்துவிடும். பல் முடியவில்லை என்று மட்டும் எவரும் சொல்வதில்லை. சளி, சர்க்கரை, இந்த வருஷத்துக் கரும்பு உப்புக் கரிக்கிறது என்று வேறு ஏதேனும் ஒரு காரணம் எப்போதும் தயாராக இருக்கும்.

நடு வயதைக் கடந்தவர்களின் வாய்க் கோளாறுகளைப் பற்றி யோசிக்கும்போது வலியைவிட இந்தக் காரணங்கள்தாம் எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றன. வலி வந்தால் மாத்திரை உண்டு, மருத்துவர் உண்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து இரக்கப்படும் வீட்டாரும் உண்டு. ஆனால் ஒரு பக்கமாகவே மெல்லப் பழகுவதையும், வேர்க்கடலையை விடுவதையும், சிரிக்கும்போது வாயைப் பொத்துவதையும் யாரும் நோயாகக் கணக்கில் எடுப்பதில்லை. அவற்றைச் செய்பவருக்கே அது தெரிவதில்லை. உடம்பு ஒன்றை இழக்கும்போது மனம் அதற்கு ஏற்ற ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டு, அந்த வழக்கத்துக்குத் தன் விருப்பம் என்று பெயரும் வைத்துவிடுகிறது. "எனக்கு இப்பல்லாம் கறி புடிக்கறதில்ல" என்று சொல்கிறவர்களில் எத்தனை பேருக்கு உண்மையிலேயே கறி பிடிக்காமல் போயிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

என் கணவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை விழுந்து அது உள்ளே இறங்கியிருந்த நாட்களில், பகலெல்லாம் ஏதோ ஒரு வகையில் சமாளித்துவிடுவார். இரவில் படுத்தால்தான் தொல்லை தொடங்கும். இரண்டு தலையணைகளைச் சுவரில் சாய்த்துவைத்து உட்கார்ந்தபடியே கண்ணயர்வார். இதற்குக் காரணம் உண்டு. பல்லின் நடுவில் நரம்பும் இரத்தக் குழாய்களும் அடங்கிய மென்மையான சதை இருக்கிறது. உடம்பின் வேறு இடங்களில் சதை வீங்கினால் வெளிப்பக்கமாகப் புடைக்க இடம் இருக்கும், பல்லுக்குள் சுற்றிலும் கெட்டியான சுவர் என்பதால் வீக்கத்துக்குப் போக்கிடமில்லை. படுத்தவுடன் தலைப் பக்கம் இரத்த ஓட்டம் கூடும்போது உள்ளே அழுத்தம் ஏறி, நாடித் துடிப்போடு சேர்ந்து பல்லும் துடிக்கும். உட்கார்ந்து தூங்கியவர் மறுநாள் வண்டி ஓட்டிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும், அங்கே கணக்குப் பார்க்க வேண்டும், திரும்பி வந்து பிள்ளையின் பாடத்தைக் கேட்க வேண்டும். அந்த நாட்களில் எங்கள் வீட்டில் எழுந்த சண்டைகளுக்கெல்லாம் அப்போது வேறு வேறு காரணங்கள் சொல்லிக்கொண்டோம்.

மெடிக்கல் ஷாப்பில் "பல்லு வலிக்கு" என்று கேட்டால் சீட்டு எதுவும் இல்லாமலே மாத்திரையை வெட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் வலியை நன்றாகவே அடக்கும். ஆனால் அவை உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை. அழுத்தத்துக்கு மருந்து எடுப்பவருக்கு அந்த மருந்தின் பலனைக் குறைக்கும், சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் கேடு செய்யும். பல்லுக்காக விழுங்கியது வேறோர் உறுப்பின் கணக்கில் போய்ச் சேர்கிறது. இன்னொன்றும் உண்டு: பல நாள் வலித்த பல் ஒரு நாள் தானாகவே அடங்கிவிட்டால் சரியாகிவிட்டது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் உள்ளிருந்த நரம்பு செத்துப்போனதால்தான் அந்த அமைதி கிடைத்திருக்கும்; கிருமி வேரின் நுனிக்குக் கீழே எலும்பில் தன் வேலையைத் தொடர்ந்துகொண்டிருக்கும். பிறகு ஒரு நாள் காலையில் கன்னம் வீங்கி நிற்கும்.

அன்றாட வாழ்வில் வாய்க் கோளாறு எதையெல்லாம் பறிக்கிறது என்பதை அளக்க முடியுமா என்று பல் மருத்துவ ஆராய்ச்சியாளர்கள் வெகுநாட்களாகவே முயன்றுவந்திருக்கிறார்கள். சொத்தைகளையும் விழுந்த பற்களையும் மட்டும் எண்ணினால் போதாது, அந்தக் குறையால் மனிதர் எதைச் செய்ய இயலாமல் போனார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று டேவிட் லாக்கர் 1988இல் எழுதினார். அந்த வழியில் ஆஸ்திரேலியாவில் ஸ்லேடும் ஸ்பென்சரும் 1994இல் 49 கேள்விகள் கொண்ட படிவம் ஒன்றை உருவாக்கினார்கள். 1997இல் ஸ்லேட் அதை 14 கேள்விகளாகச் சுருக்கினார். சொற்களை உச்சரிக்கச் சிரமப்பட்டீர்களா, ருசி குறைந்ததாக உணர்ந்தீர்களா, சாப்பாட்டைப் பாதியில் நிறுத்த நேர்ந்ததா, அடுத்தவர் முன்னால் கூச்சப்பட்டீர்களா, மற்றவர்களிடம் எரிச்சல்பட்டீர்களா, வழக்கமான வேலையைச் செய்வது கடினமாக இருந்ததா என்று கேட்டு, ஒருபோதும் இல்லை என்பதிலிருந்து மிக அடிக்கடி என்பது வரை ஏதேனும் ஒரு விடையைக் குறிக்கச் சொல்லும் படிவம் அது. எரிச்சலைப் பற்றிய கேள்வி அதில் இருப்பதை அறிந்தபோது, எங்கள் வீட்டுச் சண்டைகளுக்கும் ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

நல்ல கேள்விகள்தாம். ஆனாலும் அவற்றை எங்கள் தெருவில் அப்படியே கேட்டால் சரியான விடை கிடைக்குமா என்று தெரியவில்லை. சாப்பாட்டைப் பாதியில் நிறுத்தினீர்களா என்று ஒரு குடும்பத் தலைவியிடம் கேட்டால், எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் அடுப்படியில் உட்கார்ந்து மீதியை உண்பவர் எதைப் பாதி என்பார், எதை முழுச் சாப்பாடு என்பார்? ரசத்தைப் பிசைந்த குழைந்த சோறு மட்டுமே அவர் உண்கிறார் என்பதைப் பார்க்க அங்கே யாரும் இருப்பதில்லை. நாக்கு எரிச்சலால் காரம் தாங்க முடியாத பெண், வீட்டாருக்கு ஒரு குழம்பும் தனக்குக் காரமில்லாமல் ஒன்றும் வைக்கிறார், அல்லது இரண்டாவதை வைக்கச் சோம்பிக் கொண்டு மோர்ச் சோற்றோடு முடித்துக்கொள்கிறார். ருசி மங்கிப்போன கையால் சமைக்கும்போது சாம்பாரில் உப்பு ஏறுகிறது; அழுத்தக்காரர்கள் உள்ள வீட்டில் அது எல்லாருக்கும் சேர்த்துத்தான் ஏறுகிறது. நாக்கு எரிவதற்கு இரும்புச் சத்துக் குறைவோ பி12 வைட்டமின் குறைவோ காரணமாக இருக்கலாம், ஓர் இரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். ஆனால் "நாக்கு எரியுது" என்று ஒரு பெண் அதற்காகவே மருத்துவரிடம் போனதை நான் பார்த்ததில்லை. வேறு எதற்கோ போகும்போது, எழுந்து வரும் நேரத்தில் சொல்வார்கள்.

என் மாமியாரின் வாய் விஷயம் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. அவருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பல ஆண்டுகளாக உண்டு; அழுத்தத்துக்கு அம்லோடிபின் எடுத்துவந்தார். மேல் வரிசை முன்பற்களின் ஈறு மெல்ல மெல்லத் தடித்து, பற்களைப் பாதி மூடுமளவுக்கு வளர்ந்துவிட்டது. பல் துலக்கினால் இரத்தம் வந்தது. இரத்தம் வருகிறதே என்று விரலால் பொடி தேய்ப்பதோடு நிறுத்திக்கொண்டார். அதனால் அழுக்குச் சேர்ந்து ஈறு இன்னும் வீங்கியது. போதாததற்கு இரவில் வாய் உலர்ந்துபோகும். தலைமாட்டில் சொம்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு அடிக்கடி குடிப்பார், குடித்ததற்காகப் பிறகு எழுந்து போவார். பகலில் வறட்சிக்கு இதமாக இருக்கிறதென்று பெப்பர்மின்ட்டை ஒதுக்கிவைத்துச் சப்புவார். சர்க்கரை ஏன் இறங்கவே மாட்டேன் என்கிறது என்று வீடே கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, அவர் கன்னத்தில் ஒரு மிட்டாய் கரைந்துகொண்டிருந்தது.

புதுச்சேரி கோரிமேட்டில், ஜிப்மருக்குப் பக்கத்தில், மகாத்மா காந்தி பெயரிலுள்ள அரசு பல் மருத்துவ நிறுவனத்துக்கு அவரை அழைத்துப் போனோம். கடலூரிலிருந்து புதுச்சேரி சுமார் 22 கிலோமீட்டர்தான். ஆனால் அங்கிருந்து கோரிமேட்டுக்கு வேறு பேருந்து மாறி, வரிசையில் நின்று சீட்டு வாங்கி உட்காருவதற்குள் பாதி நாள் போய்விடும். அங்கே பார்த்த இளம் பெண் மருத்துவர் எடுத்தவுடன் எங்கே வலிக்கிறது என்று கேட்கவில்லை. "பாட்டி, முன்னாடி சாப்பிட்டுட்டு இப்ப சாப்பிடாம விட்டது என்னென்ன?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு மாமியார் சொன்ன விடையில் பாதி எங்களுக்கே புதிது.

"மல்லாட்டைய (வேர்க்கடலையை) விட்டுட்டேன். முறுக்கு விட்டுட்டேன். மீன் முள்ளு ஈறுல குத்துது, அதனால கொழம்ப மட்டும் ஊத்திக்கறேன். வெத்தலைய இடிச்சுத்தான் போட்டுக்கறேன். கல்யாண வூட்டுக்குப் போறத விட்டுட்டேன்."

முட்டி வலியால்தான் அவர் கல்யாணங்களுக்கு வருவதில்லை என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். அவரும் அப்படித்தான் சொல்லிவந்தார். விஷயம் பந்தியில் இருந்தது. நம் பந்தியில் வரிசை முழுவதும் சேர்ந்து உட்கார்ந்து சேர்ந்து எழ வேண்டும். பக்கத்திலிருப்பவர் இலையை மடித்துவிட்டால், அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால், பாதிச் சோற்றை இலையில் வைத்துக்கொண்டு மென்றுகொண்டிருப்பவருக்கு எப்படி இருக்கும்? அந்தச் சங்கடத்துக்கு அஞ்சித் தன் கூடப் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் கல்யாணங்களைக்கூட அவர் தவிர்த்திருந்தார். உறவுக்காரர்களோ அவருக்குத் தலைக்கனம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

அம்லோடிபின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிடாயின் போன்ற சில மருந்துகளால் சிலருக்கு ஈறு இப்படி வளரும் என்று அந்த மருத்துவர் விளக்கினார். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு, அழுத்தத்துக்கு மருந்து கொடுக்கும் மருத்துவருக்கு வேறு மருந்து மாற்ற முடியுமா என்று கேட்டு ஒரு கடிதம் எழுதினார். வாய் உலர்வதற்குச் சர்க்கரை ஒரு காரணம். தூக்கம் வருகிறதென்று தினமும் இரவில் மாமியார் போட்டுவந்த சளி மாத்திரை மற்றொரு காரணம். மனித வாயில் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. உணவை நனைப்பது, அமிலத்தைத் தணிப்பது, பல்லைக் காப்பது, பல் செட்டு மேல் அண்ணத்தில் பிடித்து நிற்க உதவுவது எல்லாம் அதன் வேலை. அது குறைந்தால் இத்தனையும் ஒன்றாகவே குறையும். ஈறு நோய்க்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு இருவழிப் பாதை. சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டுக் கிடந்தால் சர்க்கரை அடங்காது. ஈறுக்கு முறையாகச் சிகிச்சை செய்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை சிறிதளவு இறங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மருந்து மாற்றி, பற்களைச் சுத்தம் செய்த பின், ஈறு வற்றச் சில மாதங்கள் பிடித்தன. பல்லைச் சுத்தம் செய்தால் ஆட்டம் கண்டுவிடும் என்று பக்கத்து வீட்டுப் பெரியவர் பயமுறுத்தியதையும் மீறித்தான் அதைச் செய்துகொண்டார். சுத்தம் செய்வதால் பல் ஆடுவதில்லை. ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கும் பல்லை, அதன்மேல் படிந்து கெட்டியாகிப்போன அழுக்காகிய காறை இறுக்கிப் பிடித்து மறைத்திருக்கும், அதை நீக்கியதும் ஆட்டம் வெளியே தெரியும், அவ்வளவுதான்.

நான் தமிழாசிரியை என்பதால் பேச்சின் பக்கமும் என் கண் போகும். "பல்லிதழ் இயைய வகாரம் பிறக்கும்" என்கிறது தொல்காப்பியம். மேற்பல்லும் கீழுதடும் சேர்ந்தால்தான் வ பிறக்கும். மேற்பல்லின் அடியை நாக்கு நுனி தொட்டால்தான் த, ந பிறக்கும். முன்பற்கள் இல்லாதவர் "வந்தான்" என்று சொல்வதற்குள் ஒவ்வோர் எழுத்திலும் இடறுவார். என்னோடு வேலை பார்த்த ஓர் ஆசிரியர் வண்டியிலிருந்து விழுந்து முன்பல் இரண்டும் உடைந்த பிறகு, செய்யுளை வாய்விட்டுப் படிப்பதை அடியோடு நிறுத்திவிட்டு மாணவர்களையே எழுந்து படிக்கச் சொன்னார். ஆய்வுக்கு வந்த அதிகாரி, மாணவர்களுக்கு எவ்வளவு வாய்ப்பளிக்கிறீர்கள் என்று பாராட்டிவிட்டுப் போனார். நல்ல கணீர்க் குரல் அவருக்கு. அந்தக் குரலில் செய்யுளைக் கேட்காமலேயே ஒரு வகுப்பு தேறிப் போனது. பிறகு பல் கட்டிக்கொண்டார். கட்டிய புதிதில் ச என்னும் எழுத்து விசிலடித்தது. பத்திரிகையை உரக்கப் படித்துப் பழகச் சொல்லியிருந்தார்கள், சில வாரங்களில் நாக்கு புதுப் பல்லுக்குப் பழகிக்கொண்டது.

வலியே இல்லாமலும் வாய் ஒருவரின் வாழ்க்கையைச் சுருக்கிவிட முடியும். தருமபுரிப் பக்கத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்த பெண்ணின் பற்களில் பழுப்புக் கறை உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரங்களில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுதி, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்கத் தகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. நிலைப்பற்கள் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் குழந்தைப் பருவத்தில் அந்த நீரைக் குடித்தால் பற்சிப்பியிலேயே கறை படிந்துவிடும்; எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அவளுடைய ஊரில் பாதிப் பேருக்கு அப்படி இருந்ததால் அங்கே அது ஒரு குறையாகவே தெரியவில்லையாம். இங்கே வந்த பிறகுதான், பல் விளக்கமாட்டாளா என்று யாரோ கேட்டது அவள் காதில் விழுந்தது. அதன் பிறகு முந்தானை வாயை விட்டு இறங்கவில்லை. குழந்தையின் காதுகுத்துப் படங்களில் குழந்தையின் தலைக்குப் பின்னால் தன் வாயை மறைத்தபடி நிற்கிறாள். தண்ணீரால் வந்த கறை என்று அவளுடைய மாமியாரிடம் நான் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார், நம்பினாரா என்பதை என்னால் சொல்ல முடியாது.

இதற்கு நேர்மாறாக, வாயில் தோன்றும் வலி வாய்க்கே உரியதாக இல்லாமலும் போகலாம். முகம் கழுவினால், பல் துலக்கினால், பேருந்து சன்னலோரக் காற்றுப் பட்டால் கன்னத்தில் மின்சாரம் பாய்ந்தாற்போல் நொடிப்பொழுது வெட்டி இழுக்கும் முகநரம்பு வலியைப் பல்வலி என்று எண்ணி, நல்ல பற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடுங்கிக்கொண்டவர்கள் உண்டு. சைனஸ் அடைப்பு மேல் கடைவாயில் வலியாகக் குந்தும். படி ஏறும்போதும் வேகமாக நடக்கும்போதும் கீழ்த்தாடையில் பிடித்து, உட்கார்ந்ததும் விட்டுவிடுகிற வலி நெஞ்சைச் சேர்ந்ததாக இருக்கலாம். அதற்குப் பல் மருத்துவரைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது, இதயத்தைத்தான் பார்க்க வேண்டும். தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலையில் நடப்பவர்களுக்கு நான் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நடையைக் குறைத்துக்கொண்டால் வலி வராதே என்று ஒருவர் எனக்கே ஆலோசனை சொன்னார்.

அப்படித் தன்னையறியாமலே தன்னைக் குறைத்துக்கொண்டவர்களில் மிக மோசமான நிலைக்குப் போனவர், முதுநகர்ப் பக்கம் மீன் ஏற்றும் வேலை பார்க்கும் எங்கள் உறவினர். தூக்கம் வராமலிருக்கவும் பசி தெரியாமலிருக்கவும் பாக்குப் பொட்டலத்தைக் கன்னத்தில் அடக்கிப் பழகியவர். முதலில் காரக் குழம்பு எரிந்தது. வயிற்றுப் புண் என்று மோருக்கு மாறினார். அடுத்துச் சோற்று உருண்டை வாய்க்குள் நுழையவில்லை. அவர் மனைவி சோற்றைக் குழைய வடித்து, விரல் நுனியால் எடுக்கும் அளவுக்குப் பிசைந்து கொடுத்தார். இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்து ஸ்பூனால் ஊட்டிவிட்டார். ஒவ்வொரு படியிலும் குடும்பம் அவருக்கேற்ப வளைந்துகொடுத்ததே தவிர, வாய் ஏன் திறக்கவில்லை என்ற கேள்வி எழவில்லை. ஒரு நாள் கொட்டாவி விட முயன்று முடியாமல் அவர் பயந்துபோன பிறகுதான் மருத்துவமனைக்குப் போனார்கள். பெரியவர்களுக்குத் தம்முடைய மூன்று விரல்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கி நுழைக்குமளவு வாய் திறக்க வேண்டும். அவருக்கு ஒன்றரை விரல்கூட நுழையவில்லை.

பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருள் கன்னத்தின் உட்புறச் சதையை நார் நாராக இறுக்கிவிடுகிறது. புகையிலை கலக்காத வெறும் பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே வகைப்படுத்திவிட்டது. இறுகிய நார் பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பாது என்று மருத்துவர் அவரிடம் மறைக்காமல் சொன்னார். பாக்கை உடனே விட வேண்டும். ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, பழகப் பழக ஒவ்வொன்றாகக் கூட்டித் திறப்பைப் பெரிதாக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ வெள்ளைப் படையோ சிவப்புப் படையோ தெரிந்தால் அன்றைக்கே வர வேண்டும். எதுவும் தெரியாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாயைக் காட்ட வேண்டும். ஒரு நாள் கூலி போகிறது என்பதுதான் அவர் இப்போது சொல்லும் காரணம். அவர் மனைவி அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. தேதியைக் காலண்டரில் வட்டமிட்டு வைத்து, அன்று காலையில் தானும் கூடவே பேருந்து ஏறிவிடுகிறார்.